அக்குவாப்பெம் மலையில் ஓர் ஊழியம்

கானா நாட்டின் தலைநகரான அக்ராவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பாதையானது, மடினா, அடென்டா என்னும் புறநகர்களில் மிளகாயும் கருவாடும் வாழைக்காயும் குவிந்து கிடக்கும் சந்தைகளினூடே வெகுநேரம் ஊர்ந்துவிட்டு, அயி மென்சா என்ற இடத்தை அடைந்ததும், அதுகாறும் பட்ட அவதியையெல்லாம் உதறிவிட்டுச் சட்டென்று மலைமேல் ஏறத் தொடங்குகிறது. ட்ரோட்ரோ என்று அந்நாட்டார் அழைக்கும் சிற்றுந்தில், முழங்கால் முன்னிருக்கையில் இடிபட, மடியில் யாரோ ஓர் அம்மாள் உரிமையோடு வைத்துவிட்ட கூடையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்த எனக்கு, ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அபூரி என்ற ஊரை அடைந்தபோது வீசிய குளிர்ந்த காற்று, கடற்கரை நகரத்தின் புழுக்கத்தை முற்றிலும் மறக்கச் செய்தது. 1890இல் அமைந்த தாவரப் பூங்கா ஒன்று அங்கே இருக்கிறது. சுற்றுலாப் பிரயாணிகள் பெரும்பாலும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் செல்ல வேண்டிய இடமோ, மலை முகட்டின்மீதே ஓடும் பாதையில் இன்னும் சில ஊர்கள் தள்ளி இருந்தது.

இந்த அக்குவாப்பெம் மலை மிஷனரிகளின் மலை. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை ஐரோப்பியரின் கல்லறை என்று பெயரெடுத்திருந்த காலத்தில், ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பாஸல் நகரத்து மிஷன் சங்கத்தார் 1828இல் அனுப்பிவைத்த முதற் போதகர்கள் காய்ச்சலுக்கு இரையானார்கள். அவர்களுக்குப் பின் வந்து, தாமும் மரணத்தின் வாசல்வரை சென்று மீண்ட ஆந்திரேயாஸ் ரீஸ் என்பவர், 1835இல் கடற்கரையைக் கைவிட்டு, இம்முகட்டிலுள்ள அக்ரோபோங் என்ற ஊரில் வந்து குடியேறினார். எட்டாண்டுகளுக்குப் பிறகு, ஜமேக்காத் தீவிலிருந்து கறுப்பினக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தன. ஆயினும் இம்மலையின் பெயரை அறிஞருலகில் நிலைநாட்டியவர் 1853இல் வந்த யோஹான் கோட்லீப் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியரே ஆவார். இம்மலையார் பேசும் ட்வி மொழியில் வேதாகமத்தை 1871இலும், அம்மொழியின் இலக்கணத்தை 1875இலும், மூவாயிரத்து அறுநூறு பழமொழிகளின் தொகுதியை 1879இலும், அகராதியை 1881இலும் வெளிக்கொணர்ந்த அவருடைய உழைப்பைக் கேட்கும்போது, கால்டுவெல்லையும் போப்பையும் அறிந்த தமிழனுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. மதம் பரப்ப வந்தவர் முதலில் மாணாக்கராக அமர்ந்து, கிழவர் கிழவியரின் வாயிலிருந்து சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தார். இந்தச் செய்தியை வாசகர்கள் சற்றே மனத்தில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் பின்னால் இதை நான் ஒரு வழக்குக்குச் சாட்சியாக அழைக்கப் போகிறேன்.

நான் இறங்கிய ஊரின் பெயர் மாம்போங். அஷாந்திப் பிரதேசத்தில் அதே பெயரில் வேறோர் ஊர் இருப்பதால் இதனை மாம்போங்-அக்குவாப்பெம் என்கிறார்கள். பெர்னாண்டோ போ தீவில் கூலிவேலை செய்துவிட்டு வந்த டெட்டே குவார்ஷி என்ற கொல்லர், 1879இல் கொக்கோ விதைகளைக் கொணர்ந்து நட்ட தோட்டம் இங்கேதான் இருக்கிறது. கானா நாட்டின் செல்வத்துக்கெல்லாம் வித்தான அத்தோட்டத்தைக் காண வருகிறவர்கள் உண்டு. அதே ஊரில், அவர்கள் கவனியாமல் கடந்து செல்லும் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. காது கேளாத பிள்ளைகளுக்காக 1959இல் விடுதியோடு இங்கே நிறுவப்பட்ட அப்பள்ளியே, அந்த நாட்டில் அத்தகைய பிள்ளைகளுக்கு ஏற்பட்ட கல்வியின் தாய்வீடு. இன்று அது அரசாங்கத்தின் பராமரிப்பில் நடக்கிறது. நிறுவியவர் அரசாங்கத்தாரும் அல்லர், பாஸல் மிஷனைச் சேர்ந்தவரும் அல்லர். அமெரிக்காவிலிருந்து தன்னந்தனியாக வந்திறங்கிய ஆண்ட்ரூ ஃபாஸ்டர் என்ற கறுப்பினத்தவர், அதிலும் காது சிறிதும் கேளாதவர்.

அவர் 1925ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் என்ஸ்லி என்னும் ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பதினொரு வயதில் மூளை உறைக் காய்ச்சல் கண்டு, அவரும் அவருடைய சகோதரரும் ஒருசேரச் செவிப்புலனை இழந்தனர். காது கேளாமை ஒரு சுவர் என்றால், அக்காலத்து அலபாமாவில் நிறம் என்பது அதனினும் உயர்ந்த மற்றொரு சுவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று டலடிகாவில் ஒதுக்கியிருந்த பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பே கிடையாது. டெட்ராயிட்டுக்குச் சென்று தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்து, தபால் வழியாக உயர்நிலைப் படிப்பை முடித்து, காது கேளாதோருக்கென்றே வாஷிங்டனில் அமைந்த காலடெட் கல்லூரியின் கதவைப் பலமுறை தட்டிப் புறக்கணிக்கப்பட்டு, இறுதியில் 1951இல் அனுமதி பெற்று, 1954இல் அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற பெயரோடு அவர் வெளியே வந்தார். டெட்ராயிட்டில் ஜமேக்காவிலிருந்து வந்திருந்த ஒரு மிஷனரியின் பிரசங்கத்தின் மூலமாக ஆப்பிரிக்காவைப் பற்றிய எண்ணம் அவர் மனத்தில் விழுந்ததென்று சொல்கிறார்கள். இம்மலைக்கு 1843இல் ஊழியர்களை அனுப்பிய அதே ஜமேக்கா என்பதை எண்ணும்போது, காரியங்கள் சுற்றிவளைத்து நடக்கும் விதம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

1956இல் காது கேளாத ஆப்பிரிக்கருக்கான கிறிஸ்தவ மிஷன் ஒன்றைத் தொடங்கி, 1957இல், கானா சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், அவர் அக்ராவுக்கு வந்து சேர்ந்தார். காது கேளாதோருக்கு ஊழியம் செய்த மிஷனரிகள் அதற்கு முன்பு இல்லாமலில்லை. நம் பாளையங்கோட்டையிலேயே பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கில அம்மையார் 1897இல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. ஆனால் அத்தகையோர் ஏறக்குறைய அனைவருமே காது கேட்பவர்கள்; கரையிலிருந்து கைநீட்டியவர்கள். ஃபாஸ்டரோ ஆற்றுக்குள்ளிருந்தே பேசினார். அக்ராவின் ஓசுப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையை, அதன் சொந்த மாணவர்கள் வீடு சென்ற பின்னர் மாலை வேளைகளில் இரவல் வாங்கி அவர் வகுப்பைத் தொடங்க, பிள்ளைகளும் பெரியவர்களுமாக 53 பேர் வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஊரில் இத்தகைய பிள்ளைகளே இல்லை என்று சாதித்த அதிகாரிகளை அவர் பல நாடுகளில் சந்திக்க நேர்ந்ததாம். இல்லாமற் போவதற்குக் காரணம், குடும்பத்தார் சாபம் என்றெண்ணி அவர்களைக் கொல்லைப்புறத்தில் வைத்திருந்ததுதான்.

1880இல் மிலான் நகரத்தில் கூடிய மாநாடு கைப்பாஷையைப் பள்ளிகளிலிருந்து விலக்கித் தீர்மானித்தது முதல், உதட்டசைவை நோக்கச் செய்து வாயால் பேசவைப்பதே உயர்ந்த கல்வி என்ற கொள்கை உலகெங்கும் ஆட்சி செலுத்திவந்தது. ஃபாஸ்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்கக் கைப்பாஷையையே கருவியாகக் கொண்டு, 1960இல் நைஜீரியாவின் இபாதானிலும், அதன்பின் டோகோ, ஐவரி கோஸ்ட், சாட், காமரூன் என்று நாட்டுக்கு நாடு சென்றும், 13 நாடுகளில் முப்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளை அவர் ஏற்படுத்தினார். ஜெர்மனியில் 1959இல் நடந்த காது கேளாதோர் உலக மாநாட்டில் பெர்ட்டா என்ற காது கேளாத ஜெர்மானியப் பெண்மணியைச் சந்தித்து, 1961இல் மணந்துகொண்டார். ஐந்து குழந்தைகள் பிறந்தனர். 1987 டிசம்பர் 3ஆம் நாள், ருவாண்டாவில் நேர்ந்த ஒரு சிறு விமான விபத்தில் அவருடைய பிரயாணங்கள் முடிவுற்றன.

இத்தகைய வரலாற்றைப் புத்தகத்தில் படிக்கையில், அதில் வீரம் தெரிகிறதே தவிர, தினசரி வாழ்க்கை தெரிவதில்லை. அதைக் காண்பதற்காகவே நான், பள்ளிக்குச் சற்றுத் தொலைவில் சிறிய ஓட்டு வீடொன்றில் ஏழெட்டுச் சிறு பிள்ளைகளை வைத்துப் பராமரித்துவரும் ஒரு மூதாட்டியைத் தேடிச் சென்றேன். அவர் நைஜீரியாவின் யொரூபா இனத்தவர், காது கேளாதவர், இளம்பெண்ணாக இருந்த காலத்தில், இபாதானில் ஃபாஸ்டர் கோடைகாலந்தோறும் நடத்திய ஆசிரியப் பயிற்சியில் பயின்று, பின்னர் ஊழியத்துக்கென்று சொந்த நாட்டை விட்டு வந்தவர். ஆகவே அவரும் அயல்நாட்டு மிஷனரியே. மிஷனரி என்றதும் வெள்ளைத் தொப்பியை எதிர்பார்க்கும் நம் கற்பனைதான் காலத்தில் பின்தங்கிவிட்டது. அக்ரோபோங்கில் பிறந்த ஆசிரியர் ஒருவர், காது கேட்பவர், அவருடைய கைகளை எனக்கு ஆங்கிலமாக்கித் தந்தார். துபாஷி அலுத்துப்போன வேளைகளில் அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக் காட்டினார்.

விடிவதற்கு முன்னமே அவருடைய நாள் தொடங்கிவிடுகிறது. தலையணைக்கடியில் அதிரும் கைப்பேசியே அவருக்குச் சேவல். எழுந்ததும் பிள்ளைகள் உறங்கும் அறையின் விளக்கைப் போட்டு அணைத்துப் போட்டு, அதற்கும் அசையாதவர்களைப் பாதத்தைத் தொட்டு எழுப்புகிறார். தோளைத் தொட்டால் பிள்ளைகள் திடுக்கிட்டு விழிப்பார்களாம். காது கேளாத பிள்ளைகளின் இல்லம் நிசப்தமாக இருக்குமென்று நினைப்பவர்கள் ஒரு காலைப்பொழுதை அங்கே கழித்துப் பார்க்க வேண்டும். வாளி உருள்கிறது; தட்டு விழுகிறது; கதவு படீரென்று சாத்திக்கொள்கிறது; தோழனைக் கூப்பிட ஒருவன் தரையை உதைக்கிறான்; சிரிப்பு அடித்தொண்டையிலிருந்து வெடித்து வருகிறது. சத்தமிடுகிறோம் என்ற பிரக்ஞையே இல்லாதவர்கள் இடும் சத்தத்துக்கு எல்லையில்லை. அந்த வீட்டில் அதனால் துன்புற்றவன் நான் ஒருவன்தான்.

கம்பு மாவில் காய்ச்சி இஞ்சி சேர்த்த கோகோ என்ற கஞ்சியும், காராமணியை அரைத்துப் பொரித்த கோசேயும் காலை ஆகாரம்; கோசேயை நம் காராமணி வடையின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். உண்பதற்குமுன் ஜெபம். தலைகுனிந்து கண்மூடுவது வழக்கமென்று எண்ணி நானும் மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொள்ள, ஒரு சிறுமி என் முழங்கையைத் தட்டி, விழியைத் திறக்கும்படி சைகை செய்தாள். கைகளால் சொல்லப்படும் ஜெபத்தைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் கேட்க முடியும். ஆமென் ஆனபின் உணவு. உணவின்போது மறுபடியும் அரைமௌனம், ஏனெனில் கரண்டி பிடித்த கை பேச வேண்டுமானால் கரண்டியைக் கீழே வைத்தாக வேண்டும். தண்ணீர்க் குடம் சுமந்து வருகிறவன் ஊமை. துணி பிழிகிறவள் ஈரம் சொட்டச் சொட்டச் சண்டையிடுகிறாள்.

பெரிய பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின்னர், அந்த வீட்டின் மெய்யான வேலை ஆரம்பமாகிறது. அங்கேயிருந்த பிள்ளைகளில் ஒருத்தி வடக்கிலிருந்து வந்தவள். செனகால் முதல் எத்தியோப்பியா வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே நீளும் மூளை உறைக் காய்ச்சல் மண்டலத்தில் கானாவின் வடபகுதியும் அடங்கும். அலபாமாவில் ஃபாஸ்டரின் செவியைப் பறித்த அதே வியாதி, இந்தப் பெண்ணின் செவியையும், பேச்சு வருவதற்கு முன்னமேயே பறித்துவிட்டிருந்தது. வந்தபோது அவளுக்குப் பெயர் இல்லை; பெற்றோர் வைத்த பெயர் இருக்கத்தான் இருந்தது, ஆனால் அது தனக்குரியது என்பதோ, மனிதருக்குப் பெயர் என்ற ஒன்று உண்டு என்பதோ அவளுக்குத் தெரியாது. அம்மையார் செய்ததெல்லாம் இதுதான்: அவள் கன்னத்துக் குழியில் சுட்டுவிரலை வைத்துத் திருகி, அவளைச் சுட்டிக்காட்டுவது, பிறகு மற்றொரு பிள்ளைக்குரிய சைகையைச் செய்து அப்பிள்ளையைச் சுட்டிக்காட்டுவது. தட்டைக் கொடுக்கும்போதும், சட்டையை மாட்டும்போதும், தலை பின்னும்போதும் இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். வாரக்கணக்கில் ஒன்றும் நிகழவில்லை. ஒருநாள் பகலில் கண்ணாடியின்முன் நின்றிருந்த சிறுமி, தன் கன்னத்தில் தானே விரலை வைத்துத் திருகிக்கொண்டு, அம்மையாரைத் திரும்பிப் பார்த்தாளாம். அன்று மாலைக்குள் வீட்டிலிருந்த பொருள் ஒவ்வொன்றின்முன்னும் நின்று, இதற்கென்ன, இதற்கென்ன என்று கேட்டுக் கேட்டு எல்லாரையும் களைப்படையச் செய்துவிட்டாள்.

எனக்கும் ஒரு பெயர் சூட்டினார்கள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மூன்று விரல்களைச் சேர்த்து நெற்றியின் குறுக்கே இழுப்பது. என் நெற்றித் திருநீறு அவர்களுக்கு அத்தனை வேடிக்கையாக இருந்தது. கிறிஸ்தவ ஊழியம் நடக்கும் வீட்டில் இச்சைகை விரும்பத் தகாததாகக் கருதப்படுமோ என்று நான் தயங்கியிருக்க, அம்மையாரே அன்று முதல் அப்பெயராலேயே என்னைக் குறிப்பிடலானார்.

மாலையில் பெரிய பிள்ளைகள் திரும்பிவந்து, பாடம் எழுதி, சோளமாவும் மரவள்ளிக்கிழங்கு மாவும் சேர்ந்த பாங்குவை மிளகாய்த் துவையலோடு உண்டபின், ஓர் இரவு மின்சாரம் நின்றுவிட்டது. அந்நாட்டில் இது டம்சோர் என்ற செல்லப்பெயர் பெறுமளவுக்குப் பழகிப்போன காரியம். நமக்கெல்லாம் விளக்கு அணைந்தால் பேச்சு மும்முரமாகும். அங்கே விளக்கு அணைந்ததும் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்தது. கதை சொல்லிக்கொண்டிருந்த பையனின் கைகள் இருளில் என்ன ஆயினவோ தெரியவில்லை. ஒரு கைவிளக்கு வந்தது. யார் பேசுகிறாரோ அவர்மீது அதைத் திருப்புவது அந்த வீட்டுப் பழக்கம். விளக்கைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கே சபையில் அதிகாரம் என்பதால், அதற்காக ஒரு சச்சரவு நடந்து, அதில் கதை அடியோடு மறந்துபோயிற்று. எல்லாரும் உறங்கிய பிறகு அம்மையார் எழுத உட்கார்ந்தார். காணிக்கை அனுப்புவோருக்குக் கடிதம் எழுதுவது மிஷனரி வாழ்வில் ஜெபத்துக்கு அடுத்த நித்திய கடமை. ஃபாஸ்டரும் ஆண்டின் ஒரு பகுதியை அமெரிக்காவில் சபை சபையாகச் சென்று பணம் திரட்டுவதிலேயே செலவிட்டவர். புண்ணிய காரியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கணக்குப் புத்தகத்தைப் பற்றி எழுதுவதில்லை. அரிசி மூட்டையின் விலை, பள்ளிச் சீருடை, மலேரியா மருந்து, வடக்கே ஒரு பிள்ளையை விடுமுறைக்கு அழைத்துச்செல்லும் பஸ் கட்டணம் என்று அவர் கூட்டிக்கொண்டிருந்த தொகை, இரவு வெகுநேரம் வரை கூடி வரவில்லை.

நான் கிறிஸ்தவனல்லன், ஆகையால் என் மனத்தில் அரித்துக்கொண்டிருந்த ஒரு கேள்வியை அவரிடம் கேளாதிருப்பது நாணயமாகாது என்று தோன்றியது. தாய்மொழியில் வளரும் ஒரு பிள்ளைக்குப் பாஷை ஒருவரிடமிருந்தும் சமயம் மற்றொருவரிடமிருந்தும் வரக்கூடும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை எதிர்த்து வாதாடவும் கூடும். இங்கோ, முதற்சொல்லைத் தந்த கையே சிலுவையையும் தருகிறது. இரண்டு உள்ளங்கைகளிலும் மாறிமாறி நடுவிரலால் தொட்டு ஆணியின் தழும்பைக் காட்டுவதே அப்பாஷையில் கிறிஸ்துவின் பெயர். அப்பெயரை, நீர், சோறு, அம்மா என்ற சொற்களோடு சேர்த்துக் கற்கும் பிள்ளைக்கு மறுப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அம்மையார் படித்துவிட்டுச் சினமடையவில்லை. வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள் என்றும், அவர்களுடைய பெற்றோர் அறிந்தே அனுப்புகிறார்கள் என்றும், வளர்ந்தபின் சிலர் தொழுகைக்கே திரும்பியிருக்கிறார்கள் என்றும், அவர்கள் இன்றும் பண்டிகைக்குத் தம்மை வந்து பார்ப்பதாகவும் எழுதினார். அதன் கீழே, மறுப்பதற்கும் சொற்கள் வேண்டுமல்லவா என்று ஒரு வரியைச் சேர்த்தார். அது சாமர்த்தியமான விடை. அதனால் என் ஐயம் முழுவதும் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை அடமொரோபே என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அபூரிக்குக் கீழே, மலையடிவாரத்தில், சோளக்கொல்லைகளுக்கும் மரவள்ளித் தோட்டங்களுக்கும் நடுவில் அமைந்த சிற்றூர் அது. மூவாயிரத்துச் சொச்சம் மக்களில் நாற்பது பேரளவில் பிறவியிலேயே காது கேளாதவர்கள். முற்காலத்தில் இவ்விகிதம் இன்னும் மிகுதியாக இருந்ததாம். பரம்பரையாக வரும் ஒரு மரபணு மாற்றமே இதற்குக் காரணம் என்று 1998இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்னரே, 1975இல், காது கேளாத இருவர் ஒருவரையொருவர் மணந்துகொள்ளலாகாது என்று ஊர்த்தலைவர் விதித்துவிட்டார். எந்த மிஷனரியும் எந்த அரசாங்கமும் கற்றுக்கொடாமல், தலைமுறை தலைமுறையாக இவ்வூரார் தமக்கென்று ஒரு கைப்பாஷையை வளர்த்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பிலும் வியப்பு. அது அமெரிக்கக் கைப்பாஷைக்கு உறவில்லாதது. காது கேட்கும் அண்டை வீட்டாரும் விறகுக் கட்டைக் கீழே இறக்கிவைத்துவிட்டு அதில் சரளமாகச் சம்பாஷிக்கிறார்கள். ஒரு சாராயக்கடை வாசலில், கேட்பவர் எவர், கேளாதவர் எவர் என்று கண்டுபிடிக்க முயன்று நான் தோற்றுப்போனேன்.

மரத்தடியில் ஆராதனை நடந்தது. அம்மையார் மாம்போங்கில் வழங்கும் கைப்பாஷையில் பிரசங்கித்தார்; விடுதியில் படித்த இளைஞர்கள் முன்வரிசையில் அமர்ந்து அதைப் பின்பற்றினார்கள்; வயதில் மூத்தவர்களுக்கோ அதில் பாதி விளங்காது. ஆகவே காது கேட்கும் விவசாயி ஒருவர் பக்கத்தில் நின்று, அம்மையாரின் கைகளை ஊர்க் கைப்பாஷையில் பெயர்த்துக் கொடுத்தார். அன்றைய பாடம், மாற்கு சுவிசேஷத்தில் இயேசுநாதர் ஒரு செவிடனைக் குணப்படுத்தும் சம்பவம். காது கேளாதோர் சபையில் இக்கதையை எப்படித்தான் சொல்ல முடியும், அங்கிருப்போர் தம்மைக் குறையுள்ளவர்கள் என்று கருதிக்கொள்ளமாட்டார்களா என்று நான் கவலைப்பட்டேன். அம்மையார் அற்புதத்தில் தங்கவேயில்லை. கூட்டத்தை விட்டு அவனைத் தனியே அழைத்துச் சென்றாரே, முதலில் விரலை அவன் காதில் வைத்தாரே, நாவைத் தொட்டாரே, வானத்தை அண்ணாந்து பார்த்தாரே, இவையெல்லாம் என்ன, அவனுக்குப் புரியும் பாஷையில் அல்லவா அவர் முதலில் பேசினார் என்று கூறி, அந்த இடத்திலேயே பிரசங்கத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டார். விசுவாசம் காதின் வழியாகவே உண்டாகும் என்ற பொருள்பட அப்போஸ்தலர் பவுல் எழுதிய வாக்கியத்தைக் காட்டிக் காது கேளாதோரைச் சபைக்கு வெளியே நிறுத்தியவர்களும் முன்னாளில் உண்டு. அவர்களுக்குச் சொல்லவேண்டிய விடையாக இதைக் காட்டிலும் சிறந்ததொன்றை நான் அறியேன்.

ஆராதனை கலைந்ததும் பின்வரிசையிலிருந்த ஒரு கிழவி, விடுமுறைக்கு வந்திருந்த தன் பேரனைக் காட்டி, ஏதோ வேகமாக முறையிட்டாள். விவசாயி வாய்மொழியாக ஆசிரியருக்குச் சொல்ல, ஆசிரியர் எனக்குச் சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகு இவன் கைகள் மாறிவிட்டனவாம், ஐயா. பாதி நேரம் இவன் சொல்வது தனக்குப் புரிவதில்லையாம்." பேரன் சிரித்தான். அம்மையார் சிரிக்கவில்லை.

நான் முன்பு குறிப்பிட்ட வழக்கு இதுதான். மலைக்கு மேலே கிறிஸ்டாலர் தம் பாஷையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, வந்த இடத்தின் பாஷையைக் கற்று அதற்கு அகராதி செய்தார். அதற்கு நூறாண்டுகளுக்குப் பின், மனிதாபிமானத்தில் எவ்வகையிலும் குறையாத ஃபாஸ்டர், அமெரிக்காவின் கைகளைக் கொண்டுவந்து ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்தார். மாம்போங்கிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அடமொரோபேயில் ஏற்கனவே ஒரு பாஷை உயிரோடு இருந்தது. அக்கிராமத்துப் பிள்ளைகள் விடுதிக்குச் சென்று திரும்பத் திரும்ப, அது இன்று கிழவர்களின் பாஷையாகச் சுருங்கிவருகிறது; 2007இல் அதன் இலக்கணத்தை எழுதி வெளியிட்டவர் விக்டோரியா நிஸ்ட் என்ற டச்சுப் பெண்மணி, அவ்வூரில் வாழ்ந்து ஒரு நூலே எழுதியவர் ஆனெலீஸ் கஸ்டர்ஸ் என்ற காது கேளாத பெல்ஜிய அறிஞர். மிஷனரிகள் செய்திருக்கவேண்டிய வேலையைப் பல்கலைக்கழகத்தார் செய்தார்கள் என்பது என் கட்சி. திரும்பும் வழியில், அபூரிச் சாலையோரத்தில் வண்டிக்குக் காத்திருக்கையில், இதை நோட்டில் விரிவாக எழுதி அம்மையாரிடம் நீட்டினேன்.

அவர் படித்து முடிப்பதற்குள் இரண்டு ட்ரோட்ரோக்கள் நிரம்பி வழிந்து எங்களைக் கடந்து சென்றுவிட்டன. பிறகு பென்சிலை வாங்கி எழுதினார். கிறிஸ்டாலர் வந்தபோது அவருக்கு முன்னால் ட்வி பேசும் ஒரு நாடு நின்றது. ஓசுவில் அந்த 53 பேர் வந்து நின்றபோது, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள அவர்களுக்கு நடுவில் எந்தப் பாஷை நின்றது? ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக் கொல்லையில் தனித்தனியே ஏதோ ஐம்பது சைகைகளை வைத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களைச் சேர்த்துவைத்து, அவர்களிடமிருந்தே ஒரு பாஷை முளைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டுமானால், நீங்களாக இருந்தால் எத்தனை ஆண்டு பொறுத்திருப்பீர்கள்? பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிட மாட்டார்களா? இவ்வளவையும் எழுதிவிட்டு, சிறிது யோசித்து, கீழே மேலும் எழுதினார்: அடமொரோபேயைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்தக் கிழவியிடம் நான் சென்ற ஆண்டு முதல் படித்துவருகிறேன். மரவள்ளி, மழை, கடன் என்று கொஞ்சம் வருகிறது. என் கைகளைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். பரலோகத்தைப் பற்றிப் பேச இன்னும் என்னை அவள் அனுமதிக்கவில்லை.

மூன்றாவது வண்டியில் இடம் இருந்தது.